ஓர் அறையைத் திறந்து விடுங்கள்: சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஏப்ரல் வந்தால் தமிழ்மொழி விழா. 2012 முதல் வளர்தமிழ் இயக்கத்தின் துணையோடு நீங்கள் எல்லாரும் சேர்ந்து நடத்தி வருகிறீர்கள். பட்டிமன்றம், சொற்போர், கவியரங்கம், கதை சொல்லும் போட்டி என்று மாதம் முழுக்க எங்காவது ஒரு நிகழ்ச்சி இருக்கும். முடிந்ததற்கெல்லாம் நான் வருவேன். வேலைக்கும் போய்க்கொண்டு, லீவும் போட்டு, பல நேரம் கைக்காசையும் போட்டு இதை நடத்துகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த மனசு உங்களிடம் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் இந்த மடலைக் கல்வி அமைச்சுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், பெருமூளை வாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்று ஏதோ ஒரு சிறப்புத் தேவையோடு வளரும் நம் பிள்ளைகளுக்கு, தமிழில், மாதம் ஒரு முறையாவது ஓர் அறையைத் திறந்து விடுங்கள். அங்கே அவர்களோடு தமிழில் பேசுங்கள், பாடுங்கள், கதை சொல்லுங்கள். போட்டி வேண்டாம். பரிசு வேண்டாம். சிறப்பு விருந்தினரும் வேண்டாம்.

இது அமைச்சு பார்க்க வேண்டிய வேலை, நமக்கு இதில் பயிற்சி கிடையாது, ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று உங்கள் செயற்குழுவில் யாராவது கேட்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் இந்த ஊரில் சிறப்புக் கல்வி எப்படி வந்தது என்று பார்த்தால் அந்தப் பயம் பாதியாகக் குறையும். அதைத் தொடங்கியவர்களில் பெரும்பாலானவர்கள் உங்களைப் போலத் தொண்டர்கள்தான். அரசாங்கம் பிறகுதான் வந்தது.

1947ஆம் ஆண்டு. போர் முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, ஊரே ரேஷன் அரிசியில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது டிரஃபால்கர் இல்லம் என்ற தொழுநோய் இல்லத்தில் அடைபட்டிருந்த பிள்ளைகளுக்கு பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத் தொண்டர்கள் வகுப்பு நடத்தத் தொடங்கினார்கள். தொழுநோய் என்றாலே சொந்தபந்தம் தள்ளி நின்ற காலம் அது. அந்தப் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்று என்ன ஆகப்போகிறது என்று கேட்க ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். அதையும் மீறிச் சில பேர் சிலேட்டோடு உள்ளே போனார்கள். சிங்கப்பூரின் சிறப்புக் கல்வி வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. 1951இல் பார்வையற்றோருக்கான சங்கம், 1956இல் பார்வையற்றோர் பள்ளி, 1957இல் பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்கான சங்கம். 1962இல் டாக்டர் ஃபிரீடா பால் என்ற குழந்தை மருத்துவர் முன்னின்று, அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென ஒரு சங்கத்தை அமைத்தார். இன்று மைண்ட்ஸ் என்று நாம் சொல்லும் அமைப்பு அதுதான். ஃபெர்ன்வேல் கார்டன்ஸ், டௌனர் கார்டன்ஸ் என்று பெயரில் ‘கார்டன்ஸ்’ வரும் பள்ளிகளை நடத்துகிறவர்கள் அவர்கள்.

இந்த வரிசையில் ஒருவரைப் பற்றி மட்டும் நின்று சொல்ல வேண்டும். பெங் சூ யிங். ஷாங்ஹாயில் பிறந்து, சின்ன வயதிலேயே காது கேட்கும் திறனை இழந்தவர். சிங்கப்பூருக்கு வந்து பார்த்தால், காது கேளாத சீனப் பிள்ளைகளுக்குத் தகுந்த பள்ளி இல்லை. செஞ்சிலுவைச் சங்கம் நடத்திய வகுப்பில் உதட்டசைவைப் பார்த்துப் பேசப் பழக்கினார்கள், அதுவும் ஆங்கிலத்தில். பெங் சூ யிங் தனக்குத் தெரிந்த ஷாங்ஹாய்ச் சைகை மொழியையும் சீன எழுத்தையும் வைத்துச் சில பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 1954இல் அது சைகை மொழிப் பள்ளியாக வளர்ந்தது. அவருடைய மனைவிக்கும் காது கேட்காது. அவரும் அங்கே ஆசிரியர். காது கேளாத இருவர் முன்னால் நின்று காது கேளாத பிள்ளைகளுக்கு, அவர்கள் வீட்டில் எந்த எழுத்து புழங்கியதோ அந்த எழுத்திலேயே பாடம் எடுத்தார்கள். 1963இல் இந்தப் பள்ளியும் ஆங்கில வகுப்பும் இணைந்து மவுண்ட்பேட்டன் சாலையில் சிங்கப்பூர்க் காது கேளாதோர் பள்ளியாயின. மாணவர் எண்ணிக்கை குறைந்து 2017இல் அந்தப் பள்ளி மூடப்பட்டது. ஆனால் இன்றைய சிங்கப்பூர்ச் சைகை மொழியில் ஷாங்ஹாய்ச் சைகைகள் இன்னும் கலந்திருக்கின்றன. ஒரு மனிதர் தன் கையில் கொண்டுவந்த மொழி, அவர் தொடங்கிய பள்ளிக்கூடம் போன பிறகும் நிற்கிறது.

நம் பெயர் கொண்டவர்களும் இந்த வரலாற்றில் இருக்கிறார்கள். எத்தனை தமிழ் மேடைகளில் அவர்களைப் பற்றிப் பேசியிருக்கிறோம் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள். 1979இல் லீனா தம்பையா, ஆசிய மாதர் நலச் சங்கத்தின் மூலமாக, ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுக் குழுவைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் பார்வையும் இல்லை, நடக்கவும் முடியாது, அறிவு வளர்ச்சியும் குறைவு என்றால் அந்தப் பிள்ளையை எங்கே சேர்ப்பது? பார்வையற்றோர் பள்ளியில் இடம் கேட்டால் அறிவு வளர்ச்சிக் குறைபாடு குறுக்கே நிற்கும். அறிவு வளர்ச்சி குன்றியோருக்கான பள்ளிக்குப் போனால் நடக்க முடியாதது குறுக்கே நிற்கும். அப்படி எந்தக் கதவும் திறக்காத பிள்ளைகளைத்தான் அவர் சேர்த்துக்கொண்டார். தொடங்கும்போது கட்டடம் எதுவும் இல்லை, ஒரு தேவாலய வளாகத்தில் இடம் வாங்கித்தான் நடத்தினார்கள். அந்தச் சிறு குழுதான் பின்னாளில் முறையான சிறப்புப் பள்ளியாக வளர்ந்தது. 1991இல் அதே அமைப்பு ‘டீச் மீ’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்து, சாதாரணப் பள்ளிகளில் படிக்கும் உடற்குறையுள்ள பிள்ளைகளைத் தேடிச் சிகிச்சையாளர்களை அனுப்பியது.

அப்புறம் ரான் சந்திரன்-டட்லி. இளம் வயதில் பார்வையை இழந்தவர். உடற்குறையுள்ளோர் தங்களுக்காகத் தாங்களே பேச வேண்டும் என்று உலக அளவில் ஓர் அமைப்பு உருவானபோது அதன் முதல் தலைவர் அவர்தான். அந்த அமைப்பின் முதல் உலக மாநாடு 1981இல் நடந்தது நம் சிங்கப்பூரில். 2015இல் மறைந்தார். தமிழ்ப் பிள்ளைகளுக்கு முன்னோடிகளைப் பற்றிப் பேச்சுப்போட்டித் தலைப்பு தேடும்போது இந்த இரண்டு பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கம் மெதுவாகத்தான் வந்தது. 1988இல் டாக்டர் டோனி டான் தலைமையிலான ஆலோசனை மன்றம் உடற்குறையுள்ளோர் பற்றிய அறிக்கையைக் கொடுத்தது. அதன் பிறகுதான் சிறப்புக் கல்வியில் அமைச்சின் கை ஓங்கியது. இன்றைக்கும் சிறப்புக் கல்விப் பள்ளிகளை நடத்துபவை சமூக சேவை அமைப்புகளே. பணமும் பாடத்திட்ட வழிகாட்டலும் ஆசிரியர் பயிற்சியும் அமைச்சிடமிருந்து வருகின்றன. 2000இல் கட்டாயக் கல்விச் சட்டம் நிறைவேறி 2003 முதல் நடப்புக்கு வந்தபோது, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. விலக்கு என்றால் கேட்க இதமாக இருக்கிறது. பெற்றவர்களுக்கு அது வேறு மாதிரி கேட்டது: உங்கள் பிள்ளை பள்ளிக்கு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. 2004இல் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காகப் பாத்லைட் பள்ளி வந்தது. அதே ஆண்டு பிரதமர் பதவி ஏற்ற லீ சியன் லூங், உடற்குறையுள்ளோரையும் அரவணைக்கும் சமூகம் வேண்டும் என்று தம் முதல் உரையிலேயே பேசினார். சாதாரணப் பள்ளிகளில் இந்தப் பிள்ளைகளுக்கென்று தனி அலுவலர்கள் வந்தார்கள். 2019இல்தான் கட்டாயக் கல்விச் சட்டம் மிதமான, கடுமையான சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. 16 ஆண்டு தாமதம் சின்னது இல்லை. வந்ததற்கு நன்றி சொல்கிறேன். அதே சமயம், அந்த 16 ஆண்டுகளிலும் அதற்கு முன்னாலும் பள்ளிகளை விடாமல் நடத்திக்கொண்டிருந்தவர்கள் தொண்டர்களும் தாய்மார்களும் சம்பளம் குறைவான ஆசிரியைகளும்தான் என்பதை மறக்க மனசு வரவில்லை.

சரி, இதில் தமிழ் எங்கே இருந்தது?

1950களையே எடுத்துக்கொள்வோம். பெங் சூ யிங் பள்ளி தொடங்கிய அதே பத்தாண்டில், தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்பதற்காக, துறைமுகத் தொழிலாளி முதல் கடைச் சிப்பந்தி வரை ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தார்கள். கூலி வேலை செய்தவர்கள் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுத்த அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். ஊர் முழுக்கச் சின்னச் சின்னத் தமிழ்ப் பள்ளிகளையும் நம்மவர்கள்தான் நடத்தினார்கள். கடைசியாக இருந்த உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடும் வரை அது தொடர்ந்தது. பள்ளி நடத்தத் தெரியாத சமூகம் இல்லை நாம். ஆனால் காது கேளாத தமிழ்ப் பிள்ளைக்கோ, பேச்சு வராத தமிழ்ப் பிள்ளைக்கோ தமிழில் ஒரு பள்ளி எழவே இல்லை. பல்கலைக்கழகம் வரை போகக்கூடிய பிள்ளையை நினைத்து ஒரு வெள்ளி கொடுத்தோம். வாசற்படியே தாண்ட முடியாத பிள்ளை அந்தக் கணக்கில் வரவில்லை.

அந்தப் பிள்ளைகள் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் மற்றச் சங்கங்களுக்கும் போனார்கள். பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. நான் அதைக் குறை சொல்லவில்லை. நாலு இனப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருந்தால் பொது மொழி ஒன்று வேண்டும்தான். பிரச்சினை வகுப்பறையில் வரவில்லை, வீட்டில் வந்தது. என் வீட்டில் வந்த விதத்தைச் சொல்கிறேன்.

என் தம்பி 1974இல் பிறந்தான். டவுன் சிண்ட்ரோம். அப்பாவுக்குச் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை. அம்மா கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். தம்பி பள்ளியில் சேர்ந்த புதிதில், அவனைப் பரிசோதித்த ஒருவர் அம்மாவிடம், இவனுக்கு ஒரு மொழி போதும், வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசுங்கள், இரண்டு மொழி கேட்டால் குழம்பிப்போவான் என்று சொன்னார். அன்றைக்கு எல்லாரும் சொன்ன அறிவுரைதான், கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. பெரியவர்கள் சொன்னால் அம்மா தட்டமாட்டார். ஆனால் அம்மாவிடம் இருந்த ஆங்கிலம் கம், கோ, ஈட், நோ, அவ்வளவுதான்.

அதனால் என்ன ஆயிற்றென்றால், வீட்டில் தம்பியோடு பேச்சே நின்றுபோனது. எனக்கும் அண்ணனுக்கும் அம்மா சாதம் பிசைந்து கொடுக்கும்போது கிராமத்துக் கதை ஒன்று கூடவே வரும். தம்பிக்கு ஊட்டும்போது ‘ஈட்’ என்று ஒரே சொல். அவன் அழுதால் ‘நோ’. தூங்கவைக்கும்போது தாலாட்டு வாய்வரைக்கும் வரும், அம்மா உதட்டைக் கடித்துக்கொள்வார். நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை கெட்டுவிடக்கூடாதே என்று பயந்து, தன்னிடம் இருந்த ஒரே மொழியை அவனுக்குத் தராமல் வைத்துக்கொண்டார்.

இரண்டு வருடம் கழித்து அப்பாயி ஊரிலிருந்து விசா எடுத்து வந்தார். மூன்று மாதம் இருந்தார். அறிவுரை எதுவும் அவருக்குத் தெரியாது, சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார். காலையில் எழுந்ததிலிருந்து தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வெற்றிலைக்குக் காம்பு கிள்ளுவதிலிருந்து எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிக்கொண்டே செய்வார். ‘இந்தா, இதைப் பிடி. அட, இப்படியா பிடிப்பே? இப்படிப் பிடி. ஆங், என் ராசா.’ இரவில் வயல், மாடு, ஆற்றில் தண்ணீர் வந்தது என்று கதை. மூன்றாவது மாதம் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், அப்பாயி இன்னொரு கரண்டி சோறு வைக்கப் போனபோது, தம்பி தட்டின்மேல் கையை வைத்து ‘போதும்’ என்றான். அவன் தமிழில் சொன்ன முதல் சொல் அதுதான். அம்மா அடுப்படியில் நின்று அழுதார். அன்றையிலிருந்து அவனோடு அவர் ஆங்கிலத்தில் பேசுவதை விட்டுவிட்டார். அவன் ஆங்கிலம் கெட்டுப்போகவும் இல்லை. பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்று அவனாகவே பிரித்துக்கொண்டான். இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டான், ஒலி 96.8 வானொலி கேட்காமல் அவனுக்குக் காலை விடியாது.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2005இல் கனடாவில் டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. இரண்டு மொழி கேட்டு வளர்ந்த பிள்ளைகள், ஒரே மொழி கேட்டு வளர்ந்த அதே நிலைப் பிள்ளைகளைவிட ஆங்கிலத்தில் பின்தங்கவில்லை என்று அது காட்டியது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் பிறகு நடந்த ஆய்வுகளும் அதே பக்கம்தான் நிற்கின்றன. ஆனாலும் பழைய அறிவுரை இன்னும் காதுக்குக் காது போய்க்கொண்டே இருக்கிறது. தமிழை விட்டுவிட்டோம், டாக்டர் சொன்னார் என்று சின்ன வயதுத் தாய்மார்கள் இன்றைக்கும் என்னிடம் சொல்கிறார்கள். அந்த வீட்டில் தாத்தா பாட்டி தமிழில் மட்டும் பேசுகிறவர்களாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பேரப்பிள்ளையும் அவர்களும் ஒரே கூரையின்கீழ் பேச்சில்லாமல் இருப்பார்கள்.

பள்ளி இதைச் சரிசெய்யும் என்று விட்டுவிட முடியாது. அண்மைக் காலமாகச் சில சிறப்புப் பள்ளிகளில் தாய்மொழிக்கு இடம் தரும் முயற்சி நடக்கிறது, நல்ல விஷயம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. சிறப்புப் பள்ளி வகுப்பு ஒன்றில் பிள்ளைகள் குறைவு. அதில் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை ஒன்று இருந்தால் பெரிது, பல வகுப்புகளில் அதுவும் இருக்காது. ஒரு பிள்ளைக்காகத் தமிழாசிரியரை எந்தப் பள்ளியும் வைக்க முடியாது. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளில் சுமார் 80 விழுக்காட்டினர் சாதாரணப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். அங்கே பலர் தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்கு வாங்கிவிடுகிறார்கள். வாங்கும் பெற்றோரை நான் கடிந்துகொள்ளமாட்டேன். ஆங்கிலத்தையும் கணிதத்தையும் சமாளிக்கவே பிள்ளை திணறும்போது வேறு என்ன செய்வார்கள்? ஆனால் பாடம் விலகும்போது மொழியும் விலகிவிடுகிறது. ஈசூனில் ஒன்று, ஜூரோங்கில் ஒன்று, பிடோக்கில் ஒன்று என்று தீவு முழுக்கச் சிதறிக்கிடக்கும் இந்தப் பிள்ளைகளை ஓர் இடத்தில் சேர்க்க எந்தத் தனிப் பள்ளியாலும் முடியாது. உங்களால் முடியும். உங்களிடம் உறுப்பினர் பட்டியல் இருக்கிறது, வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன, சமூக மன்றத்தில் அறை எடுக்கும் வழி தெரியும், தமிழ் முரசில் ஒரு செய்தி போட யாரிடம் பேச வேண்டும் என்பதும் தெரியும்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். சில வருடங்களுக்கு முன் ஒரு தமிழ் நிகழ்ச்சிக்குத் தம்பியை அழைத்துப் போனேன். பட்டிமன்றம். பேச்சாளர் ஒருவர் நகைச்சுவை சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள், தம்பியும் சிரித்தான். எல்லாரும் நிறுத்திய பிறகும் அவன் சிரிப்பு கொஞ்ச நேரம் நீண்டது. இரண்டாவது முறையும் அப்படி ஆனபோது, ஒரு தொண்டர் வந்து, அக்கா, வீடியோ எடுக்கிறோம், கொஞ்சம் வெளியே உட்கார்ந்துக்கிறீங்களா என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். நாங்கள் வெளியே வந்தோம். அந்த நகைச்சுவை தம்பிக்குப் புரிந்தது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. தமிழில் சொன்ன ஒரு வேடிக்கை அவனுக்குப் புரிந்து சிரிப்பு வந்தது. அந்த மண்டபத்தில் தமிழ் வாழ்கிறது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? இதே மாதிரி அனுபவம் மற்றக் குடும்பங்களுக்கும் உண்டு. ஒருமுறை நடந்தால் போதும், அப்புறம் அவர்கள் எந்தத் தமிழ் நிகழ்ச்சிக்கும் வரமாட்டார்கள். வராதவர்களை நீங்கள் பார்க்கவும் மாட்டீர்கள்.

அதனால், நிகழ்ச்சி அறிவிப்பில் ஒரு வரி சேருங்கள்: சத்தம் போடும் பிள்ளைகளும் எழுந்து நடக்கும் பிள்ளைகளும் வரலாம். பின்வரிசையில் கதவுக்குப் பக்கமாகச் சில நாற்காலிகள், பக்கத்தில் மைக் சத்தம் எட்டாத ஒரு சிறிய அறை. இதற்குக் காசு ஆகாது.

மாதம் ஒரு முறை நான் கேட்கும் அறையும் அப்படித்தான். விளக்கு கண்ணைக் கூசக்கூடாது, ஒலிபெருக்கி வேண்டாம், ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து பேருக்குமேல் வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் நடக்கட்டும்: வணக்கம், ஒரு பாட்டு, ஒரு கதை, கையால் செய்ய ஒரு வேலை, சாப்பாடு, போய்வருகிறேன். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் ஆட்டிசம் உள்ள பிள்ளை அமைதியாக இருக்கும். கைவேலைக்குப் பூத்தொடுக்கலாம், முறுக்கு பிழியலாம், கோலப்பொடி போடலாம். தாத்தா பாட்டிகளைக் கண்டிப்பாகக் கூப்பிடுங்கள். என் அப்பாயியிடம் எந்தச் சான்றிதழும் இருக்கவில்லை. ஆனால் சிறப்புக் கல்வியில் பயிற்சி பெற்ற ஒருவர் தொடக்கத்தில் கூட இருக்க வேண்டும், அதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். வலிப்பு வரும் பிள்ளைகள் இருப்பார்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்கள், திடீரென்று வாசலை நோக்கி ஓடுகிறவர்கள் இருப்பார்கள். சிறப்புப் பள்ளிகளில் தமிழ் பேசும் ஆசிரியைகளும் சிகிச்சையாளர்களும் இருக்கிறார்கள். கேட்டால் வருவார்கள். இதுவரை கேட்டவர்கள் குறைவு.

இன்னொன்று, படஅட்டைகள். பேச்சு வராத பிள்ளைகள் பள்ளியில் படம் ஒட்டிய சிறு அட்டைகளைக் காட்டித் தங்களுக்கு வேண்டியதைக் கேட்கிறார்கள். எங்கள் புளோக்கில் ஒரு பேத்தி இருக்கிறாள், ஏழு வயது. அவளுடைய அட்டைப் புத்தகம் கையடக்கமாக இருக்கும், பக்கத்துக்குப் பக்கம் ஒட்டுப்பட்டை, ஓரங்கள் கடித்துக் கடித்து நைந்துபோயிருக்கும். படத்தின் அடியில் எல்லாம் ஆங்கிலம். குவளையும் கழிப்பறையும் படத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும். ஆனால் வலிக்கிறது, பயமாக இருக்கிறது, காத்திரு, இன்னும் வேண்டும் என்ற அட்டைகளில் வெறும் மஞ்சள் முகமும் கையும்தான். அவளை நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு அவை பிடிபடவில்லை. ஒரு நாள் அந்தச் சிறுமி ஒரே அட்டையைத் திரும்பத் திரும்ப நீட்ட, பாட்டி பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். மாலையில் அம்மா வந்து பார்த்தால் காதில் சீழ். அந்த அட்டையில் தமிழில் ஒரு சொல் இருந்திருந்தால் மதியமே தெரிந்திருக்கும்.

தமிழில் அப்படி ஓர் அட்டைக்கட்டு செய்து கொடுங்கள். நூறு சொல் போதும். மேடைத் தமிழில் வேண்டாம், பாட்டி வீட்டில் பேசுகிற தமிழில். நம்மிடம் ஓவியர்கள் இருக்கிறார்கள், வடிவமைப்பாளர்கள் இருக்கிறார்கள், ஆண்டு மலருக்குப் பளபளத் தாளில் அச்சடிக்கும் வசதி இருக்கிறது. ஒரு வருடம் ஆண்டு மலரின் பக்கங்களைக் குறைத்துக்கொண்டால் இந்த அட்டைகளுக்கு ஆகும் செலவு வந்துவிடும்.

பெரியவர்களையும் விட்டுவிடாதீர்கள். சிறப்புப் பள்ளி பெரும்பாலும் 18 வயதோடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு பகல்நேரப் பராமரிப்பு நிலையம், பயிற்சிப் பட்டறை, இல்லையென்றால் வீடு. தமிழ் பேசிக்கொண்டிருந்த அப்பாவோ அம்மாவோ போய்ச் சேர்ந்த பிறகு, அவர்களோடு தமிழில் பேச ஆள் இருப்பதில்லை. சிறுவர் நிகழ்ச்சி என்று பெயர் வைத்து என் தம்பி வயதுக்காரர்களை வாசலில் நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இதுவும் வரலாறு சம்பந்தப்பட்டதுதான். 1960களிலும் 70களிலும் இந்தப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிய தமிழ்த் தாய்மார்களுக்கு இப்போது 80 வயதுக்குமேல். என் அம்மாவும் அதில் ஒருவர். எந்தப் பள்ளி வாசலில் நின்றார்கள், யார் திருப்பி அனுப்பினார்கள், எந்த ஆசிரியை உள்ளே கூப்பிட்டார், சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கு இந்தப் பிள்ளையை அழைத்து வராதே என்று சொன்னபோது என்ன செய்தார்கள், இதெல்லாம் அவர்கள் மனதில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் தமிழில். சங்கங்களின் பொன்விழா மலர்களில் இந்தப் பக்கம் கிடைக்காது. கைப்பேசியில் பதிவு செய்தால்கூடப் போதும். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் இப்படிப்பட்ட நினைவுகளைச் சேகரித்து வருகிறது. முறையாக அவர்களோடு சேர்ந்து செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. தமிழ்மொழி விழாவுக்குப் புதுத் தலைப்பு தேடும் இளையர் குழு ஏதாவது ஒன்று இதை எடுத்துக்கொள்ளட்டும். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அவர்களுக்கு அந்த அவகாசம் இல்லை.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு தனி அம்சமாகச் சேர்த்துப் பேசுங்கள். கடைசி நிமிடத்தில் இதர விவகாரங்களோடு சேர்த்துவிட வேண்டாம். முதல் அறையைத் திறக்கும் அமைப்புக்கு, வீட்டில் செய்து வைத்திருக்கும் தமிழ் அட்டைகளோடு நானும் வருகிறேன். ஈசூனையும் செம்பவாங்கையும் மட்டும் எடுத்துக்கொண்டாலே, வருவதற்குத் தயாராக ஏழெட்டுக் குடும்பங்கள் இருக்கின்றன. சனிக்கிழமை மதியம் அவர்களுக்கு வசதிப்படும்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஒரு தம்பியின் அக்கா